கீழே வைக்க முடிந்த பாரம்

சென்ற டிசம்பர் விடுமுறையில், மடுல்சீமையில் எங்கள் வீட்டுப் பின்னறையில், நான் ஓர் இரும்புத் தண்டின் கீழ் மாட்டிக்கொண்டேன். கட்டாருக்குத் தொழிலுக்குப் போன நானா விட்டுச் சென்ற பெஞ்சில் மல்லாந்து படுத்திருந்தேன். தண்டும் தட்டுகளும் சேர்ந்து 22 கிலோ. எட்டுத் தடவை மேலே போனது. ஒன்பதாவது தடவை நெஞ்சுக்கு வந்தது, திரும்பிப் போகவில்லை. உம்மா குசினியில் இருந்தார். கூப்பிடுவதற்கு மூச்சு இல்லை. தட்டுகள் கழராமல் தண்டின் இரு முனைகளிலும் மாட்டும் பூட்டுகளை அன்று சோம்பலில் மாட்டாமல் விட்டிருந்தேன். தண்டை ஒரு பக்கமாகச் சரித்தேன். அந்தப் பக்கத்துத் தட்டுகள் கழன்று நிலத்தில் விழ, மற்றப் பக்கம் பாரம் கூடித் தண்டு புரண்டு சுவரில் மோதியது. சுவரில் இன்னும் அந்தப் பள்ளம் இருக்கிறது. அல்லாஹ் காப்பாற்றினான், அதுவும் என் சோம்பலைக் கொண்டு.

ஓடி வந்த உம்மா முதலில் அழுதார். பிறகு, “இது உனக்குத் தேவையா மகள்?” என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு அன்று பதில் சொல்ல முடியவில்லை. இப்போது சொல்கிறேன்.

தேவைதான் உம்மா. எங்கள் ஊரில் பாரம் தூக்காத பெண் எவர்? என் தோழி ஒருத்தியின் தாய் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறார். நாள் பேருக்கு 18 கிலோ, 20 கிலோ என்று தோட்டத்துக்குத் தோட்டம் கணக்கு மாறும். ஈரக் கொழுந்தின் அந்தப் பாரத்தைத் தலையில் தொங்கவிட்டு, அட்டை கடிக்கும் சரிவில், மூடுபனியில், நிறுக்கும் இடம்வரை அவர் நடக்கிறார். பிறகு விறகு. பிறகு தண்ணீர். இதனால் கருப்பை இறங்கும் என்றோ, பெண்ணின் உடல் ஆணுடையதைப் போல ஆகிவிடும் என்றோ எவரும் அவரைத் தடுத்ததில்லை. அவருடைய மகள் 5 கிலோ டம்பெல் ஒன்றைக் கையில் எடுத்தால்தான் ஊருக்கு மருத்துவ அறிவு வந்துவிடுகிறது.

சிட்னி ஒலிம்பிக்கில்தான், 2000ஆம் ஆண்டு, பெண்களுக்கான பளுதூக்கல் முதன்முறையாகச் சேர்க்கப்பட்டது. அதில் ஆந்திராவின் கர்ணம் மல்லேஸ்வரி மொத்தமாக 240 கிலோ தூக்கி வெண்கலம் வென்றார். அடுத்த வருடம் ஓர் ஆண் குழந்தைக்குத் தாயானார். கருப்பைக் கதை சொல்வோருக்கு இது போதும். நம் நாட்டின் தினுஷா கோமஸ் 2018இல் கோல்ட் கோஸ்ட் பொதுநலவாய விளையாட்டில் 48 கிலோ பிரிவில் 155 கிலோ தூக்கி வெண்கலம் பெற்றார். அதே பிரிவில் தங்கம் வென்ற மணிப்பூரின் மீராபாய் சானு, சிறுவயதில் மலையிலிருந்து விறகுக் கட்டுச் சுமந்தவர். எங்கள் தோட்டங்களில் இருக்கும் பிள்ளைகளின் கதைதான் அது, ஆரம்பம் மட்டும்.

உலக சுகாதார ஸ்தாபனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டலில் 5 முதல் 17 வயதுவரை உள்ளோர் வாரத்தில் மூன்று நாளாவது தசையையும் எலும்பையும் வலுப்படுத்தும் பயிற்சி செய்ய வேண்டும் என்கிறது. பெண் பிள்ளைகளுக்கு விலக்கு எதுவும் அதில் இல்லை.

நம்மில் பலருக்குப் பிரச்சினை பயிற்சி அல்ல, இடம்தான். ஜிம் பதுளையில் இருக்கும். பசறை வழியாக பஸ்ஸில் போய்வர வேண்டும். பெண்களுக்கென்று தனி நேரம் வேண்டும், வீட்டில் அனுமதி வேண்டும், மாதக் கட்டணம் வேண்டும். ஆகவே பயிற்சி வீட்டில்தான், தனியாகத்தான். ‘தனியாகத் தூக்காதே, பக்கத்தில் ஒருவரை வைத்துக்கொள்’ என்று பயிற்சியாளர்கள் எல்லோரும் சொல்கிறார்கள். நல்ல புத்திமதி. ஆனால் பக்கத்தில் நிற்க யார் இருக்கிறார்கள்? உம்மாவுக்கு அடுப்பு, ராத்தாவுக்குக் கைக்குழந்தை.

எனவே சாமான் வாங்கும்போது விலைக்கும் முன்னால் ஒரு கேள்வியைக் கேளுங்கள்: கை ஓய்ந்துபோன நொடியில் இதை நான் எங்கே போடுவேன்? பதில் ‘நிலத்தில்’ என்றால் வாங்கலாம். ‘என் மேல்’ என்றால் இனாமாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

இந்தக் கேள்வியில் முதலில் தோற்பது பெஞ்சும் நீளத் தண்டும்தான். ஆனால் வீட்டில் பயிற்சி என்றதும் எல்லோரும் முதலில் வாங்குவதும் அதைத்தான். படுத்தபடி தூக்கும் நீளத் தண்டு நெஞ்சில் நின்றுவிட்டால் அல்லது கழுத்துப் பக்கம் உருண்டுவிட்டால் தனியாள் செய்யக்கூடியது மிகக் குறைவு. மலிவான பெஞ்சுகளில் இன்னொரு வலையும் உண்டு. பெட்டியில் அச்சிட்டிருக்கும் ‘150 கிலோ தாங்கும்’ என்பது உங்கள் உடலின் நிறையும் சேர்ந்த கணக்கு. தோளில் தண்டை வைத்து உட்கார்ந்து எழுவதும், இருபுறமும் தண்டைத் தாங்கிப்பிடிக்கும் உறுதியான சட்டம் இல்லாமல் தனியாளுக்கு ஆகாது. அதோடு, போட்டிகளில் பெண்கள் தூக்கும் தண்டு 2 மீற்றர் நீளம், வெறும் தண்டே 15 கிலோ. பத்தடிக்குப் பன்னிரண்டடி லயத்துக் காம்பராவில் கட்டிலையும் அலுமாரியையும் வைத்த பிறகு அதை எங்கே திருப்புவது?

ஒரு சோடி டம்பெல் வாங்குங்கள். தட்டுகளைக் கழற்றி மாட்டக்கூடிய குட்டைத் தண்டுகள் இரண்டு, தட்டுகள் எல்லாம் சேர்த்து 20 கிலோ. தொடங்குபவளுக்கு ஒரு வருடத்துக்கு இது தாராளம். நிலத்தில் பாய் விரித்துப் படுத்து டம்பெல்லைத் தூக்கினால் முழங்கை நிலத்தில் தட்டி நின்றுவிடும். முடியாவிட்டால் கையை வெளிப்பக்கம் சாய்த்து இருபுறமும் இறக்கிவிடலாம். ஒரு டம்பெல்லை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்து எழும்பினால், கால் ஓய்ந்தாலும் அதை முன்னால் நிலத்தில் வைத்துவிட்டு எழலாம். கட்டில் சட்டத்தில் ஒரு கையை ஊன்றி, மறுகையால் இடுப்புவரை இழுத்தால் முதுகுக்கு வேலை. எந்த இடத்திலும் பாரம் உங்களுக்கும் நிலத்துக்கும் நடுவில்தான் இருக்கும். நிலத்துக்கும் பாரத்துக்கும் நடுவில் நீங்கள் இருக்க மாட்டீர்கள்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை சில. தட்டின் துளை 1 அங்குலமா 2 அங்குலமா என்று அளந்து பாருங்கள். 2 அங்குலத் துளைத் தட்டு 1 அங்குலத் தண்டில் ஆடிக்கொண்டே இருக்கும். பிளாஸ்டிக் உறைக்குள் சீமெந்து நிரப்பிய தட்டுகள் வார்ப்பிரும்பை விட மலிவு. 2022 நெருக்கடியில் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ரூபா அளவுக்கு ஏறியதற்குப் பிறகு இறக்குமதி இரும்பின் விலை நம் கைக்கு எட்டாமல் போனதால் இவையே கடைகளில் அதிகம். வாங்கலாம், தவறில்லை, ஆனால் போட்டால் வெடிக்கும், தடிப்பாக இருப்பதால் குட்டைத் தண்டில் அதிகம் ஏறாது. தட்டில் எழுதியிருக்கும் நிறையை நம்ப வேண்டாம். நானாவின் இரண்டு 5 கிலோத் தட்டுகளை வாப்பாவின் கடையில் மிளகு நிறுக்கும் தராசில் வைத்தேன். ஒன்று 4.7, மற்றது 5.2. வாப்பா சிரித்துவிட்டு, “இப்படி நிறுத்தால் என்னைக் கடையை மூடச் சொல்வார்கள்” என்றார்.

பெரிய தட்டை விடச் சின்னத் தட்டுகளுக்குப் பணம் செலவழியுங்கள். 5 கிலோவிலிருந்து 7.5 கிலோவுக்குப் போவது பார்வைக்குச் சிறு படி. உண்மையில் அது பாதிக்குப் பாதி கூடுதல். கால் பொறுக்கும், தோள் பொறுக்காது. அரைக் கிலோ, ஒரு கிலோத் தட்டுகள் கிடைத்தால் விடாதீர்கள். கிடைக்காவிட்டால் பாரத்தைக் கூட்டாமல் தடவைகளைக் கூட்டுங்கள். திருகும் பூட்டுகள் ஆட ஆடத் தளரும். ஒவ்வொரு சுற்றுக்கும் முன் இறுக்க வேண்டும், முக்கியமாகப் படுத்துச் செய்யும்போது. டம்பெல்லில் பூட்டு இல்லாவிட்டால் தட்டு முகத்தில் விழும். என் சோம்பல் எனக்கு ஒரு தடவை உதவியது நீளத் தண்டில்தான்.

வாங்கவே வசதி இல்லாத தோழியருக்கும் வழி உண்டு. ஆனால் இரண்டு பெயின்ட் டின்னில் சீமெந்து குழைத்து நடுவில் குழாய் செருகும் வழி வேண்டாம். ஒரு லீற்றர் கொங்கிறீட் ஏறத்தாழ 2.4 கிலோ. 4 லீற்றர் டின் இரண்டென்றால் குழாயைச் சேர்க்காமலே 19 கிலோவைத் தாண்டிவிடும். அதைக் குறைக்கவும் முடியாது, இரண்டு பக்கமும் சமமாகவும் வராது, நாளடைவில் குழாய் கொங்கிறீட்டுக்குள் சுழலத் தொடங்கும். கைப்பிடியுள்ள 5 லீற்றர் எண்ணெய்க் கலனில் காய்ந்த மணல் நிரப்புங்கள். முழுதாக நிரப்பினால் ஏழரை, எட்டுக் கிலோ வரும். குறைப்பதும் கூட்டுவதும் உங்கள் கையில். கைப்பிடி வெடித்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பழைய பாடசாலைப் பையில் அரிசியைப் பொதிசெய்து நெஞ்சோடு அணைத்தால் உட்கார்ந்து எழும்பப் போதுமானது. (பயிற்சி முடிந்து அரிசியை உம்மாவிடம் திருப்பிக் கொடுக்க மறக்க வேண்டாம்.) கதவு நிலையில் மாட்டித் தொங்கும் கம்பியை லயத்து வீடுகளில் மாட்டாதீர்கள், கறையான் தின்ற நிலைகள் அவை.

உடை பற்றியும் ஒரு சொல். பாகிஸ்தானிய வம்சாவளி அமெரிக்கரான குல்சூம் அப்துல்லாஹ், கையும் காலும் தலையும் மூடிப் போட்டியிட அனுமதி கேட்டார். முழங்கையும் முழங்காலும் முழுதாக நீண்டதை நடுவர்கள் பார்க்க வேண்டும் என்பதால் அதுவரை அவற்றை மூடத் தடை இருந்தது. 2011இல் சர்வதேச பளுதூக்கல் சம்மேளனம் விதியை மாற்றி, முழு உடலையும் மூடும் உள்ளாடையை அனுமதித்தது. அவ்வருடமே அவர் பாகிஸ்தானுக்காக உலகப் போட்டியில் தூக்கினார். 2016 ரியோவில் எகிப்தின் சாரா அஹ்மத் ஹிஜாபுடன் ஒலிம்பிக் வெண்கலம் வென்றார். ஆகவே உடை நமக்குத் தடையல்ல. வீட்டில் செய்யும்போது காலில் சிக்கும் நீளப் பாவாடையும், தொங்கும் ஷோல் முனையும், கழுத்தருகே குத்திய ஊசியும் மட்டும் வேண்டாம். ஈரச் சீமெந்து நிலத்தில் செருப்போடு நிற்கவும் வேண்டாம்.

எவ்வளவு தூக்குவது என்று கேட்பவர்களுக்கு: இன்னும் இரண்டு தடவை முடியும் என்று தோன்றும்போது நிறுத்துங்கள். பக்கத்தில் ஆள் உள்ளவர்கள் கடைசித் தடவையைத் தேடிப் போகலாம். நமக்கு அந்தச் செல்வம் இல்லை. அறைக் கதவைத் தாழிடாமல், வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள். நோன்பு நாளில் என்றால் இஃப்தாருக்குப் பிறகு, பாதிப் பாரத்துடன். எழும்பும்போது தலை சுற்றினால், முகம் வெளிறியிருந்தால், பயிற்சியை விட்டுவிட்டு வைத்தியரிடம் இரத்தச்சோகையைப் பாருங்கள். அதை டம்பெல் தீர்க்காது.

நானாவின் பெஞ்சில் இப்போது உம்மா மிளகுத் தட்டுகளைக் காயவைக்கிறார். நான் இரண்டு குட்டைத் தண்டுகளுடன் பாயில் செய்கிறேன். உம்மா வந்து கதவோரம் நின்று எண்ணுகிறார், சில நாட்களில் ஒன்றிரண்டைத் தவறவிட்டு.

அதிபர் அவர்களுக்கும் விளையாட்டுப் பொறுப்பாசிரியைக்கும் ஒரு வேண்டுகோள். வீட்டில் தனியாகச் செய்ய முடியாதவை கல்லூரியில் செய்ய முடிந்தவை. இங்கே பக்கத்தில் நிற்கத் தோழியர் இருக்கிறார்கள், ஆசிரியை இருக்கிறார், ஆண்கள் இல்லை. 15 கிலோத் தண்டு ஒன்றும், இறப்பர்த் தட்டுகள் இரண்டு சோடியும், பழக்கித் தர ஒரு பெண் பயிற்றுநரும் போதும். அடுத்த வருடம் இல்ல விளையாட்டுப் போட்டிக்கு வாங்கும் கிண்ணங்களில் சிலவற்றைக் குறைத்தால் தண்டுக்குக் காசு சேரும். இடம் இல்லை என்று சொல்லிவிட வேண்டாம். விளையாட்டு அறையில் கரம் பலகைகளைச் சாத்தி வைத்திருக்கும் சுவரோரம் மூன்று மீற்றரும் பத்து சென்ரிமீற்றரும் இருக்கிறது. அளந்து பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.