தாயின் எதிர்ப்பு சக்தியும் இரண்டாவது குழந்தையும்

கருவின் மரபணுக்களில் பாதி தந்தையுடையவை. அந்த வகையில் தாயின் உடலுக்கு அது பாதி அந்நியம். இருந்தும் தாயின் நோய் எதிர்ப்பு சக்தி அதை ஏன் அழிப்பதில்லை என்று 1953-ல் பீட்டர் மெடவார் கேட்டார். சில நேரம் அழிக்கவும் செய்கிறது.

தாய் ஆர்.எச். நெகட்டிவ், குழந்தை பாசிட்டிவ் என்றால் முதல் பிரசவம் பொதுவாக நல்லபடியாகவே முடியும். ஆனால் அப்போது குழந்தையின் ரத்தம் சிறிது தாயின் ரத்தத்தில் கலந்து, அதற்கு எதிரான எதிர்ப்பொருள் உருவாகலாம். அடுத்த குழந்தையும் பாசிட்டிவ் என்றால், அந்த எதிர்ப்பொருள் நஞ்சுக்கொடியைக் கடந்து சிசுவின் சிவப்பணுக்களை அழிக்கும். விளைவு ரத்தசோகை, கடும் மஞ்சள் காமாலை, சில சமயம் வயிற்றிலேயே மரணம்.

இதைத் தடுக்கும் ஆன்டி-டி ஊசி 1968-லேயே வந்துவிட்டது. 28-வது வாரத்தில் ஒன்று, பிரசவமான 72 மணி நேரத்துக்குள் ஒன்று. 12 வாரங்களுக்குப் பிறகு கரு கலைந்தாலும் போட வேண்டும்.

ஊசியைத் தவறவிட்டு, பிறகு குழந்தை தங்காதபோது அந்தப் பெண்ணை 'ராசியில்லாதவள்' என்பது அநியாயம். ஜாதகப் பொருத்தம் பார்க்கும் குடும்பங்கள் இருவரின் ரத்த வகையையும் குறித்து வைக்கட்டும். கல்யாணத்தை நிறுத்துவதற்காக அல்ல, ஊசியை மறக்காமல் இருப்பதற்காக.