எதிரொலியை விழுங்கும் ராஜபாளையத்துப் பஞ்சு!

ராஜபாளையத்துப் பஞ்சு நூலாகும், துணியாகும். ஆனால், எதிரொலியை விழுங்கவும் அதற்குத் தெரியும் என்பது பலருக்குத் தெரியாது.

இன்று பாட்டைப் பதிவு செய்யப் பெரிய நிலையம் அவசியமில்லை. ஒரு கம்ப்யூட்டரும் ஒரு மைக்கும் ஒரு சிறு அறையும் போதும். மைக்கைக் கடையில் வாங்கலாம். நல்ல அறையை நாமேதான் செய்துகொள்ள வேண்டும். இங்கேதான் பலர் ஏமாந்து போகிறார்கள்.

முட்டை அட்டை மாயை

சுவர் முழுவதும் முட்டை அட்டையை ஒட்டினால் ஒலிப்பதிவு அறை தயார் என்று ஒரு நம்பிக்கை உலவுகிறது. அது வீண். மெல்லிய அட்டை கீச்சுச் சப்தத்தைச் சிறிது தணிக்கும். தவிலின் கனத்த ஓசையை அதனால் அசைக்க முடியாது. தெருவில் போகும் பஸ்ஸின் இரைச்சலையும் அது தடுக்காது.

வெளிச் சப்தத்தைத் தடுக்கக் கனமான சுவரும் இடுக்கில்லாத கதவும் வேண்டும். உள்ளே எழும் எதிரொலியை அடக்கத் தடித்த, துளைகள் நிறைந்த பொருள் வேண்டும். இரண்டும் வெவ்வேறு வேலைகள்.

மெத்தை தந்த பாடம்

1895-ல் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக் கழகத்தில் ஒரு சொற்பொழிவு மண்டபம் எதிரொலியால் பயனற்றுக் கிடந்தது. வாலஸ் சாபைன் என்ற இளம் பேராசிரியர், பக்கத்து அரங்கின் இருக்கை மெத்தைகளைக் கொண்டுவந்து அடுக்கிப் பார்த்தார். மெத்தை கூடக் கூட எதிரொலி குறைந்தது. அதிலிருந்து பிறந்த கணக்கைக் கொண்டே 1900-ல் பாஸ்டன் இசை மண்டபம் எழுந்தது.

ஒலி என்பது காற்றின் அசைவு. இழைகளுக்குள் நுழையும் காற்று உரசி, வேகம் இழந்து அடங்கிவிடுகிறது. அவ்வளவுதான் ரகசியம்!

கையருகே உள்ள சரக்கு

இழைக்கு ராஜபாளையத்தில் பஞ்சமா? ஆலைகளின் கழிவுப் பஞ்சு இருக்கிறது. மலையடிவாரத் தோப்புகளின் தேங்காய் நார் இருக்கிறது. 4 அங்குல மெத்தையாகத் தைத்து, மரச் சட்டத்தில் பூட்டி, சுவரிலிருந்து 4 அங்குலம் தள்ளி மாட்ட வேண்டும். சுவரை ஒட்டிய காற்று அசையாது. தள்ளியிருக்கும் காற்றே அசையும். கனத்த ஓசை தேங்கும் மூலைகளில் இன்னும் தடிமன் தேவை.

மேலே போர்த்தச் சத்திரப்பட்டிப் பேண்டேஜ் துணியே போதும். ஊதினால் மறுபக்கம் காற்று வரும் துணி ஒலிக்கும் வழிவிடும்.

ஓர் எச்சரிக்கை: பஞ்சு பற்றி எரியும். 2003-ல் அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் ஓர் இரவு விடுதியின் சுவரில் ஒட்டிய நுரைப் பஞ்சு தீப்பிடித்து, 100 பேர் மாண்டார்கள். வெண்காரமும் போரிக் அமிலமும் ஏற்றிய பஞ்சு எளிதில் பற்றாது. விளக்கும் மின்கம்பியும் அதன் அருகே வரக்கூடாது.

யாருக்காக இந்த அறை?

ஆண்டாள் பிறந்த ஸ்ரீவில்லிபுத்தூரில் அரையர் சேவை இன்றும் நடக்கிறது. அது எஞ்சியுள்ள தலங்கள் மிகச் சிலவே. சுற்றுவட்டாரத்தில் வில்லுப்பாட்டு உண்டு. தாலாட்டும் ஒப்பாரியும் அறிந்த பாட்டிமார் உண்டு. அவர்கள் சென்னைக்குப் போய்ப் பாடுவார்களா? கைப்பேசியில் பிடித்தால் போதாதா என்பார்கள். குரலோடு கலந்துவிட்ட எதிரொலியைப் பின்னால் பிரித்தெடுப்பது எளிதன்று. பாடியவர் மறைந்த பிறகு மறுபதிவுக்கும் வழியில்லை.

1949 முதல் 1952 வரை சென்னை மாகாண முதலமைச்சராக இருந்த குமாரசாமி ராஜா, ராஜபாளையத்தில் தம் வீட்டையே காந்தி கலை மன்றத்துக்குக் கொடுத்தார். வீட்டையே கொடுத்தவரின் ஊர், ஓர் அறையைக் கொடுக்காதா? ஆலைகள் சில மூட்டைக் கழிவுப் பஞ்சைத் தரட்டும். பள்ளிகள் ஓர் அறையை ஒதுக்கட்டும். பாட்டிமாரின் குரல் காத்திருக்காது!