வாழைக்கு ஏன் விதை இல்லை?

அந்தநல்லூர், ஜீயபுரம், பெட்டவாய்த்தலை என்று ஸ்ரீரங்கம் வட்டத்தின் காவிரிக் கரையில் வாழை வைக்கும் நீங்கள், கன்று வாங்கித்தான் நடுகிறீர்கள். நெல்லுக்கு உள்ளதுபோல வாழைக்கு விதை இல்லை. ஏன் இல்லை என்று தெரிந்துகொண்டால், வாடல் நோயை ஏன் இவ்வளவு அஞ்ச வேண்டும் என்பதும் புரியும்.

நம் வாழை ரகங்களின் மூதாதையர், மூசா அக்குமினாட்டா, மூசா பால்பிசியானா என்ற இரண்டு காட்டு இனங்கள். இரண்டின் பழத்திலும் கல் போன்ற விதைகள் நிறைந்திருக்கும். இரண்டுக்கும் 22 குரோமோசோம்கள், அதாவது 11 ஜோடி. பெரும்பாலும் வெவ்வேறு நிலப்பகுதிகளில் வளர்ந்ததால் அவை தனித்தனி இனங்களாகவே இருந்தன. மனிதன் ஒன்றை மற்றொன்று வளரும் இடத்துக்குக் கொண்டுபோனான், இரண்டும் கலந்தன.

அந்தக் கலப்பில் சில நேரம் ஒரு பக்கத்திலிருந்து பாதியாகப் பிரியாமல் 22 குரோமோசோம்களும் முழுதாக வந்துவிட்டன. மறுபக்கத்தின் 11 சேர, மொத்தம் 33. மகரந்தமும் சூல்முட்டையும் உருவாகக் குரோமோசோம்கள் ஜோடி சேர்ந்து சமமாகப் பிரிய வேண்டும். மூன்று தொகுதிகள் அப்படிப் பிரியாது. அதனால் விதை பிடிப்பதில்லை. பூவன், ரஸ்தாளி, நேந்திரன் ஆகியவற்றில் அக்குமினாட்டா இரண்டு பங்கு, பால்பிசியானா ஒரு பங்கு. கற்பூரவல்லி, மொந்தனில் இது தலைகீழ். கிராண்ட் நைனில் மூன்று பங்கும் அக்குமினாட்டாதான்.

குரோமோசோம் கூடுவதெல்லாம் மலட்டில் முடிவதில்லை. அமெரிக்கப் பருத்திக்கு 52 குரோமோசோம்கள். 26 குரோமோசோம் கொண்ட இரண்டு இனங்கள் கலந்து, எண்ணிக்கை இரட்டித்து உருவான புதிய இனம் அது. தனக்குள் நன்றாக விதை பிடிக்கும். ஆனால் நம் கருங்கண்ணிப் பருத்தியோடு கலந்தால் 39 குரோமோசோம் கொண்ட மலட்டுச் செடிதான் கிடைக்கும். ஓர் இனம் தனி இனமாக நிலைப்பது இப்படிப்பட்ட வேலியால்தான்.

வாழையோ நடுவழியில் நின்றுவிட்டது. மூதாதையரோடும் எளிதில் கலக்க முடியாது, விதை பிடிக்கும் புதிய இனமாகவும் ஆகவில்லை. 1753-ல் லின்னேயஸ் வாழையை மூசா பாரடிசியாகா என்று தனி இனமாகப் பெயரிட்டார். அது கலப்பினம் என்பது 20-ம் நூற்றாண்டில்தான் தெளிவானது.

இதனால் உங்களுக்கு என்ன? விதை வழியாகப் பிறக்கும் பயிரில் செடிக்குச் செடி வேறுபாடு உண்டு. நோய் வந்தாலும் சில தப்பும். உங்கள் ரஸ்தாளித் தோட்டத்தில் எல்லா மரமும் ஒரே மரத்தின் நகல். ஒன்றை வீழ்த்தும் வாடல் நோய் எல்லாவற்றையும் வீழ்த்தும். லத்தீன் அமெரிக்காவில் குரோஸ் மிஷெல் ரகம் இப்படித்தான் ஏற்றுமதிச் சந்தையை இழந்தது. அதன் இடத்துக்கு வந்த கேவண்டிஷ் வகையையும் தாக்கும் டி.ஆர்.4 பூசணம் இன்று பீகார் வரை வந்துவிட்டது. கிராண்ட் நைன் அந்த வகைதான்.

1993-ல் திருச்சியில் தொடங்கப்பட்ட தேசிய வாழை ஆராய்ச்சி மையம் ரகங்களைச் சேகரித்துக் காத்து, புதிய கலப்புகளுக்கும் முயல்கிறது. கற்பூரவல்லி போன்றவற்றில் அரிதாக விதை பிடிப்பதுண்டு. அந்தச் சிறு வாசல்வழியே புதிய ரகம் வர ஆண்டுகள் பல ஆகும். அதுவரை பாதுகாப்பு நம் கையில்தான்.

நோய் கண்ட தோட்டத்திலிருந்து, அடுத்த வரப்பே ஆனாலும், கன்று எடுக்காதீர்கள். கிழங்கைச் சீவிப் பாருங்கள். உள்ளே செம்பழுப்புப் புள்ளி இருந்தால் ஒதுக்குங்கள். வாடல் வந்த வயலில் மீண்டும் ரஸ்தாளி வைக்காமல் நெல்லுக்கு மாறுங்கள். முழு நிலத்திலும் ஒரே ரகம் வேண்டாம். வாடலைத் தாங்கும் பூவனுக்கும் இடம் கொடுங்கள். நோயற்ற கன்றுக்குச் சான்று தரும் ஏற்பாட்டை ஒவ்வொரு வட்டாரத்திலும் அரசு வலுப்படுத்த வேண்டும். குறைதீர் கூட்டங்களில் அதைக் கேட்டு வாங்குங்கள்.