வழவழப்புக்குத்தான் மார்க்கா?



முதலாண்டில் ஃபிட்டிங் ஷாப்பில் நாம் கற்ற முதல் பாடம் என்ன? தேய், மறுபடி தேய், வழவழன்னு வரணும்! ட்ரை ஸ்கொயரை வைத்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து மார்க் வாங்கிய கை இது. அதனாலேயே சொரசொரப்பு என்றால் அரைகுறை வேலை என்ற எண்ணம் நமக்குள் ஊறிவிட்டது. இந்த எண்ணம் தவறு என்பதே என் வாதம். சாட்சிக்குப் பழைய பைபர் கிளாஸ் பாய்மரப் படகின் மேல்தளத்தை அழைக்கிறேன்.

பைபர் படகு என்றதும் 2004 சுனாமிக்குப் பிறகு நம் கரையில் பெருகிய மீன்பிடி படகுகள்தான் நினைவுக்கு வரும். நான் சொல்வது அவற்றின் மூத்த உறவு. 1959-இல் நியூயார்க் படகுக் கண்காட்சியில் அறிமுகமான பியர்சன் ட்ரைட்டன், 28 அடி, கார்ல் ஆல்பெர்க் வடிவமைத்தது. எழுநூறுக்கு மேல் கட்டினார்கள். இன்றும் ஓடுகிறவை உண்டு. உடம்பு அப்படியே இருக்கிறது, தேய்ந்தது தளம்தான். இப்படிப்பட்ட பழைய படகுகளில், கால் வழுக்காமலிருக்க அச்சிலேயே வார்த்த கோடுகளும் கட்டங்களும் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் ஜெல்கோட்டில்தான் நிற்கின்றன. எத்தனை பாதங்களைத் தாங்கும்?

இரவு, மழை, படகு ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது. முன்பாயை இறக்க ஒருவன் முனைக்குப் போகிறான். மெக்கானிக்ஸ் பேப்பரில் 'மியூ' என்று எழுதிவிட்டு மறக்கிறோமே, அந்த மியூவில்தான் அவன் உயிர் இருக்கிறது.

"பெயிண்டில் மணலைக் கலந்து அடிச்சா போச்சுடா" என்றான் சிவில் நண்பன். அவ்வளவு சுலபமில்லை மாப்ளே! முதலில் தளத்தை நாணயத்தால் தட்டிக் கேட்கணும். கணீரென்று வந்தால் நல்லது. 'தொப்'பென்று செத்த சத்தம் வந்தால், இரண்டு பைபர் அடுக்குகளுக்கு நடுவிலுள்ள பால்ஸா மரம் திருகு ஓட்டை வழியே நீர் குடித்து அழுகியிருக்கலாம். அதைக் கவனிக்காமல் மேலே பெயிண்ட் அடிப்பது பிணத்துக்குப் பவுடர் பூசுவது போலத்தான். அடுத்து, கரைப்பான் போட்டு மெழுகையும் எண்ணெயையும் துடைத்த பிறகே உப்புத்தாள். முதலிலேயே தேய்த்தால் மெழுகு கீறல்களுக்குள் இறங்கி, பெயிண்ட் பிடிக்காது. கண்ணாடித் தூசு பறக்கும் வேலை. முகமூடி இல்லாமல் வீரம் காட்ட வேண்டாம்.

எபாக்ஸி பிரைமர், அதன்மேல் இரண்டு பாகம் கலக்கும் பாலியூரிதேன் பெயிண்ட். சொரசொரப்புக்கு என்ன போடுவது என்பதில்தான் எனக்குக் கட்சி உண்டு. மணல் மலிவு, பிடிப்பும் பலம். ஆனால் முட்டி போட்டு வேலை செய்பவனின் தோலை உரிக்கும். பத்து வருஷம் கழித்துத் தேய்க்க வருகிறவனின் உப்புத்தாளையும் தின்றுவிடும். என் ஓட்டு சர்க்கரைக்கே! சிரிக்காதீங்க. ஈரப் பெயிண்டின்மேல் தாராளமாகத் தூவி, காய்ந்தபின் தண்ணீர் விட்டால் சர்க்கரை கரைந்து ஓடிவிடும், சின்னச் சின்னக் குழிகள் மட்டும் நிற்கும். (தண்ணீரில் கரையும் பெயிண்டுக்கு இது ஆகாது.) அடுத்து வருபவன் சுலபமாகத் தேய்த்து எடுக்கலாம். அவனும் நம்மைப் போல ஒரு டிப்ளமோக்காரனாக இருக்கக்கூடும், பாவம்!

இதிலும் வழவழப்புக்கு இடமுண்டு. கொக்கி, ஜன்னல், விளிம்பு ஆகியவற்றைச் சுற்றி ஓரங்குலம் டேப் ஒட்டி வெறுமையாக விடணும். தண்ணீர் ஓட வழி வேண்டுமே. டேப்பின் மூலைகளை வளைவாக ஒட்டணும், பெயிண்ட் இறுகுமுன் உரிக்கணும். எங்கே மொழுமொழு, எங்கே சொரசொர என்று முடிவெடுப்பதுதான் டெக்னீஷியன் வேலை. அதற்கு எந்த பிராக்டிகலில் மார்க் இருக்கிறது, சொல்லுங்கள்?

ஓரடிச் சதுர ப்ளைவுட், ஒரு பாதி மணல், ஒரு பாதி சர்க்கரை. ஈரக்காலோடு ஏறிப் பார்க்க ஒரு பீரியட் போதும். இதை ஒர்க்‌ஷாப் பயிற்சியில் சேர்க்கச் சொல்லித் துறைத்தலைவரிடம் கேட்கலாம் என்றிருக்கிறேன். கையெழுத்துப் போட வாருங்கள். சர்க்கரையை மட்டும் மெஸ்ஸில் கேட்காதீர்கள். நான் சாம்பிள் போட்டுப் பார்த்த நாளிலிருந்து வார்டனுக்குச் சந்தேகம்.