கல்வெட்டுக்குக் கீழே ஒரு விரிசல்

கடந்த ஆண்டு ஐப்பசி மழை ஓய்ந்திருந்த ஒரு முற்பகலில், மாணவர் பேச்சுப் போட்டிக்கு நடுவராக நம் நகரின் அரசுப் பள்ளி ஒன்றுக்குச் சென்றிருந்தோம். போட்டி தொடங்கச் சற்று நேரமிருந்தது. தமிழ் படித்தவருக்கு ஒரு பழக்கம் உண்டு. எழுத்துப் பொறித்த கல்லை எங்கே கண்டாலும் நின்று வாசித்துவிடுவது. நுழைவாயிலை அடுத்த சுவரில் கறுப்புக் கிரானைட் பலகை ஒன்று பதிக்கப்பட்டிருந்தது. அடிக்கல் நாட்டியவர், திறந்து வைத்தவர், தலைமை வகித்தவர், முன்னிலை வகித்தவர் எனப் பொன்னெழுத்தில் பெயர்கள். என்ன செலவாயிற்று, யார் கட்டினார், எந்தப் பொறியாளர் பார்த்துச் சரியென்றார், அடுத்து எப்போது பார்க்க வேண்டும் என்பவை அதில் இல்லை. பலகையின் கீழ் விளிம்பிலிருந்து ஒரு விரிசல் புறப்பட்டு, சன்னலைத் தொட்டு, வகுப்பறைப் பக்கம் போயிருந்தது. சுண்டுவிரல் நுழையும்.

நாம் பார்ப்பதைத் தலைமையாசிரியர் பார்த்துவிட்டார். "மூணு தடவை எழுதிட்டேன் சார்" என்றார். பத்திரிகை நண்பர் எவரிடமாவது சொல்லலாமே என்றோம். அவர் சிரித்தபடியே சொன்னார்: "சொன்னா விரிசலை விட்டுடுவாங்க, என்னைப் பிடிச்சுக்குவாங்க."

பள்ளிக் கட்டடத்துக்குப் பணம் ஒதுக்குவது ஒரு வேலை. ஆசிரியரின் நடத்தையைக் கண்காணிப்பது வேறொரு வேலை. மக்களாட்சியில் இரண்டுக்கும் மேலே இறுதியில் நிற்பவர்கள் சட்டமன்ற உறுப்பினர்களே, அது முறையும்கூட. ஆனால் இரண்டு கயிறுகளும் இடையில் தடுப்பேதும் இன்றி ஒரே கைக்குள் வந்துவிட்டால் என்ன நேரும் என்பதை அந்தத் தலைமையாசிரியர் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டார். கட்டடத்தின் குறையை முதலில் காண்பவர் ஆசிரியர். அவர் வாயை அடைக்க வல்ல அதிகாரம், கட்டடத்துக்குப் பணம் கொடுத்தவரிடமே இருக்கலாகாது. இக்கட்டுரையில் நாம் சொல்ல வருவது இவ்வளவே.

நம் மண்ணுக்குக் கல்விக்கொடை புதிதன்று. ஒன்பதாம் நூற்றாண்டில், பல்லவன் நிருபதுங்கவர்மன் காலத்தில், பாகூரிலிருந்த வித்தியாஸ்தானத்துக்கு மூன்று ஊர்கள் வழங்கப்பட்டதைப் பாகூர்ச் செப்பேடு சொல்கிறது. 1048இல், முதலாம் இராசாதிராசன் காலத்தில், 260 மாணவர்களும் 12 ஆசிரியர்களும் கொண்ட கல்விநிலையத்துக்குச் செய்யப்பட்ட ஏற்பாட்டைத் திருபுவனைக் கல்வெட்டு சொல்கிறது. அக்கல்வி யாருக்குக் கிட்டியது, யாருக்கு மறுக்கப்பட்டது என்பது தனியே கேட்க வேண்டிய கேள்வி. கொடுத்தவர் புகழுக்கு அவற்றிலும் குறைவில்லை. ஆயினும் எதைக் கொடுத்தார், எதற்காகக் கொடுத்தார் என்பதும் அங்கே உண்டு. கிரானைட் பலகையில் பெயர் மட்டும் எஞ்சியிருக்கிறது.

புதுச்சேரியில் இந்தச் சிக்கல் கூடுதல் இறுக்கம் கொண்டது. 1963ஆம் ஆண்டின் சட்டத்தால் உருவான நம் சட்டமன்றத்தில் தேர்ந்தெடுக்கப்பட்டோர் 30 பேர். மத்திய அரசு நியமிக்கக்கூடியவர் 3 பேர். 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி யூனியன் பிரதேசத்தின் மக்கள் 12.48 லட்சம். தொகுதிக்குச் சராசரி நாற்பதாயிரத்துச் சொச்சம் பேர். இவ்வளவு சிறிய தொகுதியில் சட்டமன்ற உறுப்பினருக்கு ஆசிரியரைப் பெயர் சொல்லி அழைக்கத் தெரியும். இது வரமும் ஆகலாம், வேறொன்றும் ஆகலாம்.

பிரான்சில் 1833ஆம் ஆண்டின் கீஸோ சட்டம் ஆரம்பப் பள்ளியைப் பேணும் பொறுப்பைக் கொம்யூன்களிடம் தந்தது. 1889இல் ஆசிரியரின் சம்பளம் அரசின் பொறுப்பாயிற்று. கட்டடம் ஊருக்கு, ஆசிரியர் அரசுக்கு என்பது அங்கே ஏற்பட்ட பிரிவினை. நம்மிடம் 'கொம்யூன் பஞ்சாயத்து' என்ற சொல் தங்கிவிட்டது, பிரிவினை தங்கவில்லை. சொல்லப்போனால் ஊராட்சியே தங்கவில்லை. 1968க்குப் பிறகு 2006இல்தான் இங்கே உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. அந்த மன்றங்களின் காலம் 2011இல் முடிந்தபின் பத்தாண்டுக்கும் மேலாகத் தேர்தலே இல்லாமல் போயிற்று. கல்வி உரிமைச் சட்டம் (2009) பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர் இருக்க வேண்டும் என்பதோடு, உள்ளாட்சியின் தேர்ந்தெடுக்கப்பட்ட பிரதிநிதிக்கும் இடம் தருகிறது. உள்ளாட்சியே இல்லாத ஊரில் அந்த நாற்காலி யாருக்கு? சாக்கடை அடைப்பு, தெருவிளக்கு, வகுப்பறைக் கூரை, ஆசிரியர் இடமாற்றம் எல்லாம் ஒரே வாசலில்தான் காத்து நிற்கின்றன.

அடுத்து நடத்தை விதிகள். நம் அரசுப் பள்ளி ஆசிரியருக்கு மத்தியக் குடிமைப் பணிகள் (நடத்தை) விதிகள், 1964 பொருந்தும். அதன் 9ஆம் விதி, அரசின் கொள்கையையோ செயலையோ பாதகமாக விமர்சிக்கும் எதையும் ஊழியர் வெளியிடலாகாது என்கிறது. சொந்தப் பெயரில் மட்டுமல்ல, பெயரின்றியும் புனைபெயரிலும் கூடாது. கருத்து மட்டுமல்ல, உண்மைத் தகவலாயினும் கூடாது. இலக்கியம், கலை, அறிவியல் சார்ந்த எழுத்துக்கு இவ்விதிகளில் சலுகை உண்டு. ஆகவே ஆசிரியர் மழையைப் பற்றிக் கவிதை எழுதலாம். அந்த மழை வகுப்பறைக்குள் ஒழுகுவதைப் பத்திரிகைக்கு எழுதுவதற்குமுன் அவர் இருமுறை யோசிக்க வேண்டும்.

புனைபெயர் என்றதும் நம் ஊர்க்காரர் ஒருவர் நினைவுக்கு வராமல் இரார். கனக சுப்புரத்தினம் பிரெஞ்சு அரசின் பள்ளிகளில் ஏறத்தாழ 37 ஆண்டுகள் தமிழாசிரியராக இருந்து 1946இல் ஓய்வு பெற்றார். பாரதிதாசன் என்ற பெயர் பாரதியின் மீதுள்ள பற்றால் பிறந்தது. அரசு ஊழியரான அவருக்கு அது ஒரு திரையாகவும் பயன்பட்டது என்பர். ஓய்வுக்குப்பின், 1950களின் நடுவில், அவரே புதுவைச் சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஆசிரியராக வாய் திறக்கத் திரை தேவைப்பட்ட ஒருவர், உறுப்பினராகத் திரையின்றிப் பேச முடிந்தது. இவ்விரு நாற்காலிகளுக்கும் இடையிலுள்ள தொலைவை அறிய இதைவிட நல்ல சான்று நமக்கு வேண்டியதில்லை.

ஆசிரியர் பேச அஞ்சினால் இழப்பு யாருக்கு? 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் 94 குழந்தைகள் தீயில் மாண்டனர். கீற்றுக் கூரையும் நெருக்கடியும் அன்று காலையில் முளைத்தவை அல்ல. தினந்தோறும் கண்ணெதிரே இருந்தவை. பத்தாண்டு கழித்து, 2014 ஜூலையில், தஞ்சாவூர் நீதிமன்றம் 10 பேரைக் குற்றவாளிகள் என்றது, 11 பேரை விடுவித்தது. 2021 டிசம்பர் 17 அன்று திருநெல்வேலியில் உதவி பெறும் பள்ளியொன்றின் கழிவறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் இறந்தனர்; கைதானோரில் தலைமையாசிரியையும் ஒப்பந்ததாரரும் இருந்தனர். 2025 ஜூலை 25 அன்று ராஜஸ்தானின் ஜாலாவார் மாவட்டத்தில் அரசுப் பள்ளிக் கூரை விழுந்து ஏழு குழந்தைகள் உயிரிழந்தனர். உடனடியாகப் பணியிடை நீக்கம் செய்யப்பட்டோர் தலைமையாசிரியரும் ஆசிரியர்களும்.

இந்த வரிசையைக் கவனிக்க வேண்டும். சுவர் நிற்கும்வரை அதைப் பற்றிப் பேசுவது நடத்தைக் குறை. சுவர் விழுந்தபின் அதைப் பற்றிப் பேசாதிருந்தது நடத்தைக் குறை. இரண்டுக்கும் இடையில், நிதியைக் கேட்டும் கொடுக்காதவர், கொடுத்தும் கண்காணிக்காதவர் எவரும் எந்தக் குறிப்பாணையிலும் இடம்பெறுவதில்லை.

பணமில்லை என்று மட்டும் சொல்ல முடியாது. நம் கடற்கரையிலிருந்த மேரி கட்டடம் 2014 நவம்பர் மழையில் சரிந்து விழுந்தது. உலக வங்கி நிதியில் அது பழைய வடிவிலேயே எழுப்பப்பட்டு 2021 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. அழகிய பணி, நமக்கும் அதில் மகிழ்ச்சியே. ஆனால் அந்த மேரியில் கூடுவதற்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட நகரமன்றம் இல்லை. கட்டடம் வந்துவிட்டது, உள்ளே உட்கார வேண்டியவர் வரவில்லை. வாய்ப்புள்ள இடத்தில் நாம் சுவரைத்தான் முதலில் நினைக்கிறோம் என்பதற்கு அது ஓர் அடையாளம்.

இதையெல்லாம் சொல்வதால் ஆசிரியரைத் தெய்வமாக்க நாம் முனையவில்லை. நாமும் ஆசிரியர் இனம்தான். நம்மவர் குற்றங்களை அறிவோம். 2021இல் சென்னையில் முன்னாள் மாணவிகள் இணையத்தில் வாய் திறந்த பிறகே சில ஆசிரியர்களின் பாலியல் அத்துமீறல்கள் வெளிவந்தன. 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம், தெரிந்தும் புகார் அளிக்காதிருப்பதையே குற்றம் என்கிறது. 2023இல் நாங்குநேரியில் பள்ளி மாணவன் ஒருவன் சாதி வெறியால் வெட்டப்பட்ட பின், நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் தந்த அறிக்கை ஆசிரியருக்கும் நடத்தை நெறிகள் வேண்டும் என்றது. ஆசிரியர் சங்கங்கள் ஊதியத்துக்காக எழுப்பும் குரலின் பாதியை இதற்காக எழுப்பியதாக நமக்கு நினைவில்லை.

இன்று இத்தகைய புகாருக்கு எளிதில் கிடைக்கும் தீர்வு இடமாற்றம். நகரத்தில் புகாரா, காரைக்காலுக்கு அனுப்பு. அங்கும் புகாரா, ஏனாமுக்கோ மாகேக்கோ அனுப்பு. விரிசலைப் பற்றிப் பேசியவருக்கும் அதே வண்டி, மாணவியிடம் தவறாக நடந்தவருக்கும் அதே வண்டி. தவறிழைத்தவரை இடம் மாற்றுவது குற்றத்தைத் தூரத்துப் பிள்ளைகளிடம் அனுப்பி வைப்பதாகும். உண்மை சொன்னவரை இடம் மாற்றுவது மற்ற ஆசிரியர்களுக்கு விடுக்கும் எச்சரிக்கை. சிபாரிசால் போடவும் நீக்கவும் கூடிய ஆணை எந்த வகையிலும் நீதியாகாது.

வழக்கறிஞருக்கு 1961ஆம் ஆண்டின் சட்டப்படி பார் கவுன்சில் உண்டு. மருத்துவருக்கும் அவ்வாறே அமைப்பு உண்டு. ஆசிரியரின் நடத்தையை விசாரிக்க அத்தகைய தொழில்மன்றம் நம் நாட்டில் இல்லை. ஸ்காட்லாந்தில் 1965 முதல் ஆசிரியர் மன்றம் இருக்கிறது. 2012இல் அது அரசிடமிருந்து விலகித் தன்னுரிமை பெற்றது. அதே 2012இல் இங்கிலாந்து தன் மன்றத்தைக் கலைத்தது. அங்கே இப்போது குழு விசாரித்துப் பரிந்துரைக்கிறது, முடிவு கல்வி அமைச்சர் பெயரில் வருகிறது. அந்த நாட்டில்தான் 2023 ஆகஸ்ட் இறுதியில், பள்ளி திறக்கும் வேளையில், எடை குறைந்த ஒருவகைக் கான்கிரீட் விழக்கூடும் என்று நூற்றுக்கும் மேற்பட்ட பள்ளிகளின் கட்டடங்களை மூடச் சொன்னார்கள். ஆண்டுக்கு 530 கோடி பவுண்டு தேவை எனத் துறை கணித்திருக்க, ஒதுக்கப்பட்டது 310 கோடி மட்டுமே என்பதை அவ்வாண்டு ஜூனில் தணிக்கை அலுவலகம் வெளிப்படையாகச் சொல்லிவிட்டிருந்தது. அங்கும் கூரைகள் பழுதாகின்றன. ஆனால் தேவை எவ்வளவு, கொடுத்தது எவ்வளவு என்ற இரண்டு எண்களும் மக்கள் முன் பக்கம் பக்கமாக நின்றன. சட்டமன்றத்திடம் நாம் வேண்டுவதும் இதைத்தான்.

உறுப்பினர்கள் விலகிப் போங்கள் என்று நாம் சொல்லவில்லை. அதிகாரிகளிடம் மட்டும் விட்டால், கேட்பதற்கு ஆளில்லாமல் போகும்; ஓட்டுக் கேட்டு வருபவரிடமாவது கேள்வி கேட்க முடிகிறது. அவர்கள் பார்க்கட்டும், கேட்கட்டும். கயிற்றை மட்டும் இழுக்க வேண்டாம். பொதுக் கணக்குக் குழுவும் மதிப்பீட்டுக் குழுவும் அதற்காகவே உள்ளவை. ஒவ்வொரு பள்ளியின் கட்டட உறுதிச் சான்றும், ஆய்ந்த பொறியாளர் பெயரோடும் நாளோடும், ஆண்டுதோறும் அவையில் வைக்கப்படட்டும். அதன் நகல் அந்தக் கிரானைட் பலகைக்குக் கீழேயே தொங்கட்டும். கட்டடப் பாதுகாப்புப் பற்றி ஆசிரியர் எழுதுவது 9ஆம் விதியில் அடங்காது என ஓர் ஆணை வரட்டும். நடத்தை விசாரணைக்கு ஓய்வுபெற்ற நீதிபதி, ஆசிரியர், பெற்றோர், குழந்தை உரிமை அறிந்தோர் கொண்ட தனி மன்றம் அமையட்டும். அதில் உறுப்பினருக்கும் வேண்டாம், துறை இயக்குநருக்கும் வேண்டாம். எத்தனை புகார், எத்தனை முடிவு என்ற கணக்கு மட்டும் அவைக்கு வரட்டும். குழந்தைக்கு எதிரான குற்றத்தில் இடமாற்றம் ஒரு தண்டனையாகவே கருதப்படாதிருக்கட்டும்.

இவை அயல்நாட்டுச் சரக்கு என்று எவரேனும் சொன்னால், உத்திரமேரூருக்குப் போய்வரச் சொல்வோம். 919இலும் 921இலும் பொறிக்கப்பட்ட பராந்தகன் காலக் கல்வெட்டுகள் ஊர் வாரியங்களுக்கு யார் வரலாம், யார் வரலாகாது என்று பட்டியலிடுகின்றன. முன்பு வாரியம் செய்து கணக்குக் காட்டாதவர் வரக்கூடாது. அவருடைய உறவினரும் வரக்கூடாது. அன்று கணக்குக் காட்டாதவருக்கான தடையைக் கல்லில் வெட்டினார்கள். இன்று நாம் கல்லில் வெட்டுவது எதை என்பதைப் பள்ளி வாயிலில் எவரும் பார்க்கலாம்.

அந்தப் பள்ளியின் பெயரை நாம் இங்கே எழுதவில்லை. எழுதினால் யாரைப் பிடிப்பார்கள் என்பது நமக்கும் தெரியும்.