மலை நமது, அளவுகோல் யாரது?

தோழனே!

2024ஆம் ஆண்டு நவம்பர் 7ஆம் நாள் தில்லியிலிருந்து வந்த அறிவிப்பை நீ மறந்திருக்கமாட்டாய். மேலூர் வட்டத்திலே, நாயக்கர்பட்டித் தொகுதி எனப் பெயரிட்ட 2,015 எக்டேர் நிலத்தில் டங்ஸ்டன் எடுக்கும் உரிமை, ஏலத்தில் இந்துஸ்தான் சிங்க் நிறுவனத்துக்குப் போயிற்று என்பது அந்த அறிவிப்பு. அரிட்டாபட்டியும் அதன் அருகிருந்த ஊர்களும் இடிவிழுந்தாற்போல் திகைத்தன. ஏழு குன்றுகள், அவற்றின் மடியிலே சுனைகள், ஏரிகள், குகையிலே ஈராயிரம் ஆண்டுக்கு முற்பட்ட தமிழி எழுத்து, பாண்டியர் குடைந்த கோயில். தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் மரபுத் தலம் என 2022இல் அரசிதழிலே ஏறிய மண்ணும் ஏலத் தொகுதிக்குள்ளே கிடந்தது!

மக்கள் எழுந்தனர். 2024 டிசம்பர் 9ஆம் நாள் சட்டமன்றம் எதிர்த்துத் தீர்மானம் நிறைவேற்றிற்று. 2025 சனவரி 7ஆம் நாள் உழவரும் வணிகரும் தாய்மாரும் மதுரை நோக்கி நடந்தனர். சனவரி 23ஆம் நாள் தில்லி பணிந்தது, ஏலம் நீக்கப்பட்டது. அந்த வெற்றியை மேடைகளில் பேசி முழங்கியாயிற்று. இன்று நான் கேட்க விரும்புவது வேறொன்று.

அந்தப் பாறைக்குள்ளே டங்ஸ்டன் இருக்கிறது என்று கண்டு சொன்னவர் யார்? இந்தியப் புவியியல் ஆய்வுத்துறை. 1851இல், கம்பெனியார் காலத்தில், கல்கத்தாவிலே தோன்றிய துறை. நிலக்கரி தேடப் பிறந்த துறை. தோண்டுதற்குரியது எங்கே இருக்கிறது என்று சொல்ல 170 ஆண்டுகளுக்கு மேலாகச் சம்பளமும் கருவியும் கொடுத்து ஆள் வைத்திருக்கிறார்கள். நான் குறை சொல்லவில்லை. அது அவர்கள் வேலை, திறம்படவே செய்கிறார்கள். ஆனால் அரிட்டாபட்டிச் சுனைக்கு நீர் எந்தப் பிளவின் வழியே ஊறி வருகிறது, குன்றிலே வெடி வைத்தால் அடிவாரத்துக் கிணறு எத்தனை முழம் வற்றும் என்று ஆண்டுக்கணக்கில் அளந்து வைத்துக்கொண்டு, அமைச்சகத்தின் முகத்துக்கு நேரே நீட்டத்தக்க இளைஞனுக்குச் சம்பளம் கொடுப்பவர் யார்? கருவி வாங்கித் தருபவர் யார்?

அத்தகைய இளைஞன் மதுரையிலே பிறக்கவில்லையா? பிறந்திருக்கிறான், தோழனே! முனைவர் பட்டமும் பெற்றிருக்கிறான். பெற்ற பிறகுதான் தொடங்குகிறது அவன் துன்பம்.

மைய அரசு பணம் ஒதுக்கவில்லையா என்பாய். ஒதுக்கியிருக்கிறது, தொகையைக் கேட்டால் மலைத்துப்போவாய். 2023இல் சட்டம் இயற்றி, ‘அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளை’ என்றொரு அமைப்பைக் கண்டார்கள். அனுசந்தான் என்றாலே ஆராய்ச்சி என்றுதான் பொருளாம்! ‘நடு சென்டர்’ என்று சொல்பவனைக் கண்டு நாம் சிரித்திருக்கிறோம், அது கிடக்கட்டும். ஐந்தாண்டுகளுக்கு 50,000 கோடி ரூபாய் என்றார்கள். கூர்ந்து பார்த்தால் அரசின் பங்கு 14,000 கோடி. மிச்சம் 36,000 கோடி தொழிலதிபர்களும் கொடையாளர்களும் தரவேண்டியது. பாறையை வெட்டி விற்பவன் தருகிற பணத்திலே, பாறையை வெட்டாதே என்று சொல்லும் ஆய்வு பிறக்குமா? எண்ணிப் பார்!

அந்த அமைப்பின் தலைவர் பிரதமர். அதன்கீழ், பிரதமர் பெயராலேயே, புதிதாய்த் தொழிலில் நுழைந்த ஆய்வாளர்க்கு ஒரு மானியம்: மூன்றாண்டுக்கு 60 இலட்சம் ரூபாய் வரை. நல்ல தொகை. மனமாரப் பாராட்டலாம். ஆனால் வாசற்படியிலே ஒரு நிபந்தனை நிற்கிறது: விண்ணப்பிப்பவர் நிரந்தரப் பணியில் இருக்கவேண்டும்.

நான் நாடகக்காரன். நடந்ததன்று, நான் புனைந்ததுதான். ஆயினும் இதை ஒரு காட்சியாகக் கண்முன் நிறுத்து. ஓர் அலுவலகம். மேசைக்கு அப்புறம் அதிகாரி, இப்புறம் இளைஞன்.

“படிப்பு?”

“நிலவியலில் முனைவர் பட்டம், ஐயா.”

“வேலை?”

“கல்லூரியில் கௌரவ விரிவுரையாளர்.”

“நிரந்தரமா?”

“பத்தாண்டுகளாக நிரந்தரமாகத் தற்காலிகம், ஐயா.”

“மானியம் நிரந்தரப் பணியாளர்க்குத்தான். முதலில் வேலை தேடிக்கொள்.”

“வேலைக்குப் போனேன், ஐயா. இதுவரை என்ன மானியம் பெற்றாய் என்று கேட்டார்கள்.”

திரை!

பெயரிலே கௌரவம், கையிலே என்ன? கௌரவ விரிவுரையாளர்க்கு மாதம் 50,000 ரூபாய் வரை தரலாமெனப் பல்கலைக்கழக மானியக் குழு 2019இலேயே சொல்லிற்று. நம் அரசுக் கல்லூரிகளில் அண்மை ஆண்டுகளில் கிடைத்து வந்ததோ அதில் பாதி. அதுவும் ஆண்டுக்குப் பதினொரு மாதம்! மாநிலத்தை ஆண்டவர் எவராயினும் இந்தக் கணக்கிற்கு விடை சொல்லித்தான் ஆகவேண்டும். 1966இல் தோன்றிய நம் மதுரைப் பல்கலைக்கழகம், காமராசர் பெயர் தாங்கிய கலைக்கழகம், ஆசிரியர்க்கு மாதச் சம்பளம் கொடுக்கவே திண்டாடிய காட்சியைக் கண்டோம். சம்பளத்துக்கே வழியில்லாத இடத்தில் நிரந்தரப் பணி ஏது? நிரந்தரப் பணி இல்லையேல் மானியம் ஏது? மானியம் இல்லையேல் ஆய்வு ஏது? பெருநகரத்து மையக் கல்விக்கூடத்தில் இடம்பிடித்தவன் வாங்குகிறான். திருமங்கலத்திலும் உசிலம்பட்டியிலும் பாடம் நடத்துபவன் வாசலிலே நிற்கிறான். சட்டத்திலே சாதி எழுதவில்லை, ஊர் எழுதவில்லை. விளைவிலே இரண்டும் வந்து சேர்கின்றன.

ஐரோப்பாவில் எப்படி? முனைவர் பட்டத்துக்குப் பின் சில ஆண்டுகளே ஆன ஆய்வாளனுக்கு ஐரோப்பிய ஆய்வுக்குழு ஐந்தாண்டுக்குப் பதினைந்து இலட்சம் யூரோ வரை கொடுக்கிறது. அவன் வேறு பல்கலைக்கழகம் போனால் பணமும் உடன் போகலாம். அங்கே மானியம் கையில் இருப்பதைக் கண்டு வேலை கொடுக்க முன்வருகிறார்கள். இங்கே வேலை இருப்பதைக் கண்டுதான் மானியம். வண்டியும் மாடும் இடம் மாறி நிற்கின்றன!

இன்னொன்று கேள். உலக நிலவியலாளர் நாவிலே ‘மதுரைப் பாளம்’ என்ற பெயர் வழங்குகிறது. காவிரிப்புறத்திலிருந்து தெற்கே அச்சன்கோவில் வரை பரந்த பழம்பாறைப் பரப்பு அது. ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளுக்கு முன் நிலத்தின் ஆழத்தில் வெந்து உருமாறிய பாறை. அன்று மடகாஸ்கரோடு ஒட்டிக் கிடந்த நிலம். ஜப்பானியரும் ஆஸ்திரேலியரும் வந்து, நம் கல்லை உடைத்து, சிர்க்கான் மணியை எடுத்துச் சென்று வயது கணித்தார்கள். வரட்டும்; அறிவுக்கு எல்லைக்கோடு கிடையாது. அவர்களுக்கு வழிகாட்டிச் சுமை தூக்கும் நம் பிள்ளை, அடுத்த ஆண்டு தானே ஒரு கேள்வி எழுப்பித் தன் பணத்தில் ஆராயவேண்டாமா? அதே கல்லை அடுக்களை மேடைக்கு வெட்டி விற்றவர்களால் 16,000 கோடிக்கு மேல் இழப்பு என்று 2012இல் மாவட்ட ஆட்சியர் சகாயம் அறிக்கை எழுதினாரே! கல்லுக்கு அத்தனை விலை, கல்லைப் படித்தவனுக்கு?

கீழடிக்கு வா. அங்கே கிடைத்த கரித்துண்டு அமெரிக்காவின் மயாமி நகர் சென்று கி.மு. 580 என்ற விடையோடு திரும்பியது. 2019இல் உலகறிய வெளியாயிற்று. அயலார் சொன்னதால் மறுப்போர் வாய் சற்று அடைத்தது உண்மை. முழுதும் அடைத்ததா? 2025 மே திங்களில், அமர்நாத் இராமகிருஷ்ணன் எழுதிய அறிக்கையைத் திருத்தித் தருமாறு தில்லித் தொல்லியல் துறை திருப்பி அனுப்பிற்று. ஆழம் குறித்து ஐயம், அடுக்கு குறித்து ஐயம், காலம் குறித்து ஐயம்! மண்ணடுக்குத்தான் இன்று வழக்காடு மன்றம், தோழனே. மணல்மணி கடைசியாகக் கதிரவனைக் கண்டது எந்நாள் என்று அதன் ஒளிர்வை அளந்து சொல்லும் கலை இருக்கிறது. வைகை எப்போது பெருகி எங்கே வண்டல் போட்டது என்று படிக்கும் கலை இருக்கிறது. மேடையில் நான் ஒரு மணி நேரம் முழங்கினாலும் அத்தகைய ஒரு பக்க அளவீட்டுக்கு ஈடாகாது.

ஆதலால் மாநில அரசிடம் கேட்போம். முனைவர் பட்டம் முடித்துப் பத்தாண்டுக்கு உட்பட்ட நிலவியல், நிலத்தடிநீர், வானிலை ஆய்வாளர்க்குத் தனி மானியம். கௌரவ விரிவுரையாளர்க்கும் அதிலே உரிமை. பணம் கல்லூரிக் கணக்கில் முடங்காமல் ஆய்வாளனோடு நடக்கும் ஏற்பாடு. மைய அரசிடம், ‘நிரந்தரப் பணி’ என்ற நிபந்தனையை எடு என்போம். 2023இல் கனிமச் சட்டத்தைத் திருத்தி, டங்ஸ்டன் உள்ளிட்ட 24 கனிமங்களை ஏலம்விடும் உரிமையைத் தன் கையில் வைத்துக்கொண்ட அரசு அது. அந்த உரிமையை எடுத்தவர்களிடம், ஏலத்துக்கு முன் அந்தந்த ஊர்க் கல்லூரி ஆய்வாளனைக் கொண்டு நீரையும் நிலத்தையும் அளக்கச் செலவு செய் என்று கேட்பது பிச்சையன்று.

அடுத்த கிளைக் கூட்டத்துக்கு முன் ஒரு வேலை செய். உன் ஊர்க் கல்லூரியில் நிலவியலோ புவியியலோ நடத்தும் கௌரவ விரிவுரையாளர் எத்தனை பேர், அவர்கள் முனைவர் பட்டத்துக்கு எதை ஆராய்ந்தார்கள், எந்த ஆண்டோடு அந்த ஆய்வு நின்றது என்று கேட்டு எழுதி வா. மேலூர், வாடிப்பட்டி, திருப்பரங்குன்றம் கிளைகள் முதலில் அனுப்பட்டும்.