வெச்ச பேரும் வெச்சுக்கிட்ட பேரும்

தோழர்களே, இந்த இதழுக்கு வந்த படைப்புகளில் பாதிக்கு மேல் சொந்தப் பெயரில் வரவில்லை. எல்லாம் செல்போனில் வந்தவை. அனுப்பினவர்கள் இணையத்தில் என்ன பெயரில் உலவுகிறார்களோ அதே பெயரைக் கடைசியில் போட்டிருக்கிறார்கள். ‘சேரிக்காத்து’ என்று ஒருத்தர், ‘பழைய சோறு’ என்று ஒருத்தர், பெயரே இல்லாமல் வெறும் எண்ணாக ஒருத்தர். ஆசிரியர் குழுவில் இதை வைத்துப் பெரிய சண்டையே நடந்துவிட்டது. ரொம்ப வருஷமாகக் களத்தில் நிற்கிற தோழர் ஒருவர், “பேரச் சொல்லவே பயப்படுறவன் எழுதுறத நாம எதுக்குய்யா அச்சடிக்கணும்? போஸ்டர்ல எங்க பேரப் போட்டுத்தான நாங்க கேஸ் வாங்குனோம்” என்று கேட்டார். நியாயமான கேள்வி. ராத்திரி பதினோரு மணி வரைக்கும் பேசியும் முடியவில்லை. நீயே தலையங்கத்தில் எழுது என்று என் தலையில் கட்டிவிட்டார்கள். கவுண்டருக்கு ஒரு பெயர், கவிதைக்கு ஒரு பெயர் என்று வைத்திருக்கிறவன் நான். அதனால்தான் என்னிடம் தள்ளினார்களோ என்னவோ.

முதலில் ஒன்றைப் பேசிவிடுவோம். சொந்தப் பெயர், சொந்தப் பெயர் என்கிறோமே, அதில் நமக்குச் சொந்தமாக என்ன இருக்கிறது? மநுதர்மத்தின் இரண்டாம் அத்தியாயம் 31ஆம் சுலோகம், பிராமணனுக்கு மங்களமான பெயர், சத்திரியனுக்கு வலிமையைக் குறிக்கும் பெயர், வைசியனுக்குச் செல்வத்தைக் குறிக்கும் பெயர், சூத்திரனுக்கு இழிவான பெயர் என்று பங்கு பிரிக்கிறது. சூத்திரனுக்கே அந்த நிலை. வர்ணத்துக்கு வெளியே நிறுத்தப்பட்டவனுக்கு என்ன பெயர் என்று அது கவலைப்படவே இல்லை. அந்தக் கவலையை நம் ஊர்க் கணக்குப்பிள்ளைகளும் பள்ளிக்கூட வாத்தியார்களும் எடுத்துக்கொண்டார்கள். அமாவாசை, மண்ணாங்கட்டி, குப்பன், பிச்சை என்று பதிவேடு பதிவேடாக எழுதி வைத்தார்கள்.

இதில் ஒரு சிக்கலும் உண்டு. குப்பன், குப்பம்மாள், பிச்சை எல்லாம் இழிவுக்காக மட்டும் வைத்த பெயர்கள் இல்லை. பெற்ற பிள்ளைகள் வரிசையாகச் செத்துப்போன வீட்டில், அடுத்துப் பிறந்ததைக் குப்பையில் போட்டு எடுத்து, எமனுக்குப் பிடிக்காத பெயராக வைப்பது எல்லாச் சாதியிலும் இருந்த வழக்கம்தான். அம்மா கூப்பிடும்போது அது உயிரைப் பிடித்து வைக்கிற பெயர். அதே பெயரை ஊர்த்தெருவில் பத்து வயசுப் பையன் அறுபது வயசுக் கிழவரைப் பார்த்து “டேய் குப்பா” என்று கூப்பிடும்போது அது வேறு பெயர். எழுத்து மாறவில்லை, வாய் மாறியிருக்கிறது. என் தாத்தாவுக்குப் பெயர் முனுசாமி. ஊர்க்காரர்கள் ஒருநாளும் அந்த ‘சாமி’யைச் சொன்னதில்லை. ‘முனியா’தான். சேரிக்காரனைச் சாமி என்று கூப்பிட எவன் நாக்கு ஒத்துக்கும் என்பார், சிரித்துக்கொண்டே. அந்தச் சிரிப்பு இன்றைக்கும் எனக்குப் புரிந்தபாடில்லை.

சேரிக்குள்ளே புழங்குகிற பட்டப்பெயர் கதை வேறு. அங்கே யாருக்கும் தப்பில்லை. வாய் ஓயாதவருக்கு ரேடியோ, காக்கிச்சட்டையை விடாமல் போடுகிறவருக்கு, பட்டாளத்தையே பார்க்காவிட்டாலும், மிலிட்டரி. எங்கள் பக்கம் ஒரு பாட்டிக்குக் கோர்ட்டம்மா என்று பெயர். அவர் வக்கீலும் இல்லை, படித்தவரும் இல்லை. 1892இல் வெள்ளைக்காரன் காலத்தில் ஆரம்பித்து நம் சனங்களுக்கென்று ஒதுக்கப்பட்டதே பஞ்சமி நிலம், மொத்தம் பன்னிரண்டு லட்சம் ஏக்கர் என்று சொல்கிறார்களே, அதில் ஒரு துண்டு அவர் மாமனார் பெயரில் இருந்தது. அது எப்படியோ வேறொருத்தர் கைக்குப் போய்விட்டது. அதைக் கேட்டு, புடவைத் தலைப்பில் பஸ்காசை முடிந்துகொண்டு, வருஷக்கணக்காகக் கோர்ட்டுக்கு நடந்தார். கிண்டலாகத்தான் அந்தப் பெயரை வைத்தார்கள். பிறகு அதுவே மரியாதையாகிவிட்டது. அவர் போட்ட வழக்கு எந்தப் புத்தகத்திலும் இல்லை, அவர் பட்டப்பெயரில் இருக்கிறது. ரேஷன் அட்டையில் இருக்கிற அவர் பெயரைச் சொல்லி விசாரித்தால் பேரப்பிள்ளைகளுக்கே தெரியாது.

தனக்குத்தானே பெயர் வைத்துக்கொள்வதும் நேற்று செல்போன் வந்த பிறகு வந்ததில்லை. காத்தவராயன் என்ற பிள்ளை தனக்குப் பாடம் சொன்ன ஆசிரியரின் பெயரை எடுத்துக்கொண்டு அயோத்திதாசர் ஆனார். ரெட்டமலை சீனிவாசன் 1893இல் பத்திரிகை ஆரம்பித்தபோது, எந்தச் சொல்லால் நம்மை அடித்தார்களோ அந்தச் சொல்லையே, ‘பறையன்’ என்று, முகப்பில் அச்சடித்தார். அயோத்திதாசருக்கு இது ஆகவில்லை. அடுத்தவன் வைத்த இழிபெயரை நாமே ஏன் சுமக்க வேண்டும் என்பது அவர் வாதம். 1907இல் அவர் ஆரம்பித்த பத்திரிகைக்கு ‘ஒரு பைசாத் தமிழன்’ என்று பெயர், அடுத்த வருஷமே ‘தமிழன்’. ஒருத்தர் வசைச்சொல்லைப் பிடுங்கித் தன் கொடியாக்கிக்கொண்டார், இன்னொருத்தர் அந்தச் சொல்லைத் தொடவே மாட்டேன் என்றார். எங்கள் ஆசிரியர் குழுச் சண்டை அந்தச் சண்டையின் பேரப்பிள்ளை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. இரண்டு பேரையுமே நாம் தாத்தா என்கிறோம்.

அம்பேத்கரையே எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் அவர் பீவா. சக்பால் என்ற குடும்பப் பெயர் போய், அம்படவே என்ற சொந்த ஊரின் பெயர் பள்ளிக்கூடப் பதிவேட்டில் ஏறி, பிறகு அம்பேத்கர் என்று நிலைத்தது. பாபாசாகேப் என்பது சனங்கள் வைத்தது. அமெரிக்காவில் மால்கம், தன் பின்னால் ஒட்டியிருந்த ‘லிட்டில்’ என்பது அடிமை வைத்திருந்த வெள்ளை எசமானிடமிருந்து வந்த பெயர் என்று வெட்டி எறிந்துவிட்டு, பிடுங்கப்பட்ட ஆப்பிரிக்கப் பெயர் இன்னதென்று தெரியாததால் அந்த இடத்தில் ‘எக்ஸ்’ என்று போட்டுக்கொண்டார். அதற்கு முன்னால் தெருவில் அவருக்கு ‘டெட்ராய்ட் ரெட்’ என்று பட்டப்பெயரும் இருந்தது. நம் பக்கத்தில் 1992இல் ‘கருக்கு’ வந்தபோது பாஸ்டினா மேரி பாத்திமா ராணி பாமாவாக வந்தார். 1994இல் ‘கோவேறு கழுதைகள்’ எழுதிய அண்ணாமலை இமையமாக வந்தார். அவர்களைப் பார்த்து முகத்தை மறைத்துக்கொண்டு எழுதுகிறீர்களே என்று நாம் யாரும் கேட்கவில்லை.

சரி, இன்றைய பிள்ளைகளுக்கு வருவோம். படைப்பு அனுப்பினவர்களிடம், இந்தப் பெயர் எப்படி வந்தது என்று ஒவ்வொருவராகக் கேட்டுப் பார்த்தேன். பெயருக்குப் பின்னால் 44 என்று போடுகிற தம்பி ஒருவன். கூடப் படிக்கிறவர்கள் அதை ஹாஸ்டல் ரூம் நம்பர் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்களாம். 1968 டிசம்பர் 25 ராத்திரி கீழ்வெண்மணியில் குடிசைக்குள் எரிக்கப்பட்டவர்கள் 44 பேர். “கேக்குறவங்களுக்கு மட்டும் சொல்லுவேன் தோழர், இதுவரைக்கும் மூணு பேரு கேட்டிருக்காங்க” என்றான். ‘ஸ்டாப் இல்லை’ என்று வைத்திருக்கிற ஒரு பெண், தன் ஊரில் பஸ் ஊர்த்தெருவோடு திரும்பிவிடும், சேரிக்கு ஒரு கிலோமீட்டர் நடக்க வேண்டும் என்றார். கண்டக்டர் தினமும் சொல்கிற வார்த்தையே அவர் பெயர். அமெரிக்காவில் இருக்கிற தேன்மொழி சௌந்தரராசன் ‘தலித் திவா’ என்று வெளிப்படையாகவே போட்டுக்கொண்டு எழுதுகிறார். அந்தத் துணிச்சலும் வேண்டியதுதான்.

ஆனால் கேட்டவர்களில் பலர் சொன்னது துணிச்சல் கதை இல்லை. வீடு வாடகைக்குப் பார்க்கிறேன், வேலைக்கு இன்டர்வியூ போகிறேன், கைடு யார் என்று இன்னும் முடிவாகவில்லை, அதனால் இந்தப் பெயர் என்றார்கள். இப்போதெல்லாம் வீட்டுக்காரனும் கம்பெனிக்காரனும் முதலில் நம் பெயரைத்தான் தேடிப் பார்க்கிறான். 2016 ஜனவரியில் ரோஹித் வெமுலா இறந்த பிறகுதான், அதுவரைக்கும் சாதியை மறைத்து வாழ்ந்த யாஷிகா தத், நான் தலித் என்று வெளியே சொன்னார். 2019இல் அதைப் புத்தகமாகவும் எழுதினார். அத்தனை வருஷம் மறைத்தது அவர் குற்றமா, மறைக்க வைத்தவர்கள் குற்றமா? இன்னொரு பக்கம் பாருங்கள். ‘ஆண்ட பரம்பரை’ என்று அரிவாள் படத்தோடு, சாதிப்பெயரை வாலாகக் கட்டிக்கொண்டு வருகிறவனுக்கு எந்த இன்டர்வியூவிலும் இடைஞ்சல் இல்லை. அவன் போலிப்பெயரில் வருகிறான் என்றால் நம்மை வைவதற்காக வருகிறான். இரண்டையும் ஒரே தராசில் வைத்து ‘பேரு சொல்லாதவன்’ என்று நிறுப்பதை என்னால் ஒப்புக்கொள்ள முடியாது.

நான் வங்கியில் உட்கார்ந்திருக்கிறவன் என்பதால் ஒன்று தெரியும். செல்போனில் பணம் அனுப்புகிறோமே, அதற்கான ஐடியில் நடுவே இருக்கிற ‘அட்’ குறிக்கு முன்னால் நமக்குப் பிடித்ததை வைத்துக்கொள்ள வழி உண்டு. ஆனால் பணம் அனுப்புகிறவர் கண்ணுக்கு வங்கிக் கணக்கில் இருக்கிற பெயர்தான் தெரிய வேண்டும் என்று 2025 ஜூன் 30 கெடு வைத்து எல்லா ஆப்களுக்கும் உத்தரவு வந்தது. மோசடியைத் தடுக்க, சரிதான். கணக்கில் இருக்கிற பெயர் ஆதாரைப் பார்த்து எழுதியது, ஆதார் பள்ளிச் சான்றிதழைப் பார்த்து எழுதியது, பள்ளிச் சான்றிதழ் அந்தப் பழைய வாத்தியார் எழுதியது.

போன வருஷம் ஒரு கல்லூரி மாணவன் கவுண்டருக்கு வந்தான். அவன் பெயர் நல்ல தமிழ்ப்பெயர். ஆனால் கணக்கில் அதோடு அப்பா பெயரும் முழுசாக ஏறியிருக்கிறது. அப்பா பெயர் மண்ணாங்கட்டி. மெஸ் பணம் பிரித்துக் கொடுக்கும்போது, அனுப்புகிற ஒவ்வொருத்தன் போனிலும் அது வருகிறது. சிரிக்கிறார்கள். “சார், அப்பா பேர எடுத்துடலாமா?” என்று மெதுவாகக் கேட்டான், பின்னால் நிற்கிறவர்களுக்குக் கேட்காமல். குஞ்சிதபாதம் என்று ஒருத்தருக்குப் பெயர் இருந்தால் அதற்கு விளக்கம் சொல்ல ஒரு ஸ்தலபுராணமே இருக்கிறது, மண்ணாங்கட்டிக்கு ஒரு புராணமும் இல்லை. ஆதாரில் திருத்தினால் முதலெழுத்தாகச் சுருக்கிக்கொள்ளலாம், ஆதாரில் பெயரை ஆயுசுக்கு இரண்டு தடவைதான் மாற்ற முடியும், யோசித்துச் செய் என்றேன். முழுப்பெயரையே மாற்றுவதென்றால் அரசிதழில் விளம்பரம், பணம், அலைச்சல். “எங்கப்பாதான் சார் பீஸ் கட்டுறாரு” என்றான். சம்பந்தமில்லாததைச் சொன்ன மாதிரி இருந்தது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது. விவரமெல்லாம் ஒரு சீட்டில் எழுதி வாங்கிக்கொண்டு போனான். இன்றுவரை பெயரை மாற்றிக்கொண்டு வரவில்லை.

2025 ஏப்ரலில் ‘காலனி’ என்ற சொல்லை அரசுப் பதிவேடுகளிலிருந்து நீக்குவதாக முதல்வர் சட்டமன்றத்தில் அறிவித்தார். வரவேற்போம். சொல்லை எடுத்தால் சுடுகாட்டுப் பாதை தானாக வந்துவிடாது என்பது அறிவித்தவர்களுக்கும் தெரியும்.

ஆகவே இந்த இதழிலிருந்து இப்படிச் செய்கிறோம். எந்தப் பெயரில் போடச் சொல்கிறார்களோ அந்தப் பெயரில் போடுவோம். ஒரு ஆளையோ ஊரையோ குறித்துக் குற்றச்சாட்டு வருகிறது என்றால் மட்டும், எழுதினவர் யார் என்பது குழுவில் இரண்டு பேருக்காவது தெரிந்திருக்க வேண்டும். அவர்கள் வெளியே சொல்ல மாட்டார்கள். போலீஸோ ஊர்ப் பஞ்சாயத்தோ கேட்டு வந்தால், அட்டையின் உள்பக்கத்தில் முகவரியோடு போட்டிருக்கிறோமே எங்கள் பெயர்கள், அந்தப் பெயர்களுக்கு வரட்டும். களத்துத் தோழருக்கு இதில் இன்னமும் சம்மதமில்லை. அவருடைய மறுப்பு அவர் பெயரிலேயே அடுத்த இதழில் வரும்.

அடுத்த இதழுக்கு வாசகர்களிடம் ஒன்று கேட்கிறோம். உங்கள் தெருவில் இருக்கிற வயதான பெண்களிடம் உட்கார்ந்து, பட்டப்பெயர்களைக் கேட்டு எழுதுங்கள். யார் வைத்தது, எப்போது வைத்தது, எதற்காக வைத்தது, அரைப்பக்கம் போதும். நீங்களே உங்களுக்கு வைத்துக்கொண்ட பெயரின் கதையையும் எழுதலாம். உங்கள் பெயரைப் போடலாமா வேண்டாமா என்பதைத் தாளின் மேலேயே எழுதிவிடுங்கள்.